இறுகிய டயரும் இலகுவான வழியும்

நம் சைனாடவுன் வட்டாரத்திற்கு மலாய் மொழியில் ‘கிரேத்தா ஆயர்’ என்றொரு பெயர் உண்டு. ‘தண்ணீர் வண்டி’ என்பது அதன் பொருள். குழாய் நீர் வீடுதோறும் வராத காலத்தில், எருதுகள் பூட்டிய வண்டிகள் இவ்வட்டாரத்திற்கு நீர் சுமந்து வந்தன. அவ்வண்டிகளே ஊருக்குப் பெயராகிவிட்டன. பின்னர், 1880ஆம் ஆண்டில் கைரிக்‌ஷா சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. அவ்வண்டிகளைப் பதிவுசெய்து மேற்பார்வையிட 1903ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்ட நிலையக் கட்டடம், நீல் சாலையும் தஞ்சோங் பகார் சாலையும் கூடும் முனையில் இன்றும் நிற்கிறது. 1947ஆம் ஆண்டில் கைரிக்‌ஷா தடைசெய்யப்பட்டபின், மூன்று சக்கர மிதிவண்டியாகிய டிரைஷா அதன் இடத்தைப் பிடித்தது. ஆகவே, சக்கரத்தைப் பற்றி அறிந்துகொள்வது இவ்வட்டாரத்துப் பிள்ளைகளாகிய நமக்கு மிகவும் பொருத்தமானதே.

இன்று நம் மாணவர் சிலரின் இல்லங்களில் மலைப்பாதை மிதிவண்டி இருக்கின்றது. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியை ஒட்டிய பாதையிலும், புலாவ் உபின் தீவில் 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கேத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவிலும் விடுமுறை நாள்களில் இவ்வண்டிகளைக் காணலாம். இவற்றுள் பலவற்றில் டியூப் கிடையாது. டயரே காற்றை அடக்கி வைத்துக்கொள்கிறது. ஓட்டுவதற்கு இது மிகவும் நல்லது. ஆனால், டயரைக் கழற்ற வேண்டிய வேளை வரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. உடும்புப் பிடியாக ரிம்மைப் பற்றிக்கொண்டு அது அசைய மறுக்கும். அப்போது பலரும் கைக்குக் கிடைத்த திருப்புளியைச் செருகி நெம்புகின்றனர். விளைவு என்ன? திருப்புளி வழுக்கிக் கையைக் கிழிக்கிறது. இல்லையேல், ரிம்மின் விளிம்பு நெளிந்துவிடுகிறது. நெளிந்த ரிம் டயரைச் சரியாகப் பற்றாது. கற்கள் நிறைந்த இறக்கத்தில் விரைந்து செல்லும்போது அத்தகைய டயர் நழுவினால், வண்டியில் இருப்பவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். எனவே, இறுகிய டயரை எவ்வாறு முறையாகக் கழற்றுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இறுக்கம் எங்கிருந்து வந்தது?

சக்கரத்தின் மேல் இறுகப் பொருந்துவதே டயரின் இயல்பு. எருதுவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை போடுவதை நம் முன்னோர் அறிவர். பட்டையைச் சக்கரத்தைவிடச் சிறிதளவு சின்னதாகச் செய்வர். நெருப்பில் பழுக்கக் காய்ச்சுவர். அது விரிந்த நிலையில் மரச் சக்கரத்தின் மேல் ஏற்றி நீர் ஊற்றுவர். பட்டை சுருங்கி மரத்தை இறுகக் கவ்விக்கொள்ளும். அதை எளிதில் கழற்ற வேண்டிய தேவையும் இல்லை. ஏனெனில் இரும்புப் பட்டைக்கு முள் தைப்பதில்லை.

காற்றடைத்த டயர் வந்த பின்னரே கழற்றும் தேவை பிறந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845ஆம் ஆண்டிலேயே காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் அது பரவவில்லை. 1888ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த டயரே உலகெங்கும் பரவியது. ஆனால், தொடக்க காலக் காற்று டயர்கள் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தன. ஒரு துளையை அடைக்க வேண்டுமானால் ஒட்டைப் பிரிக்கவேண்டும், மீண்டும் ஒட்டவேண்டும், பசை உலரும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

இத்தொல்லையை நீக்க இருவேறு இடங்களில் முயற்சிகள் நடந்தன. பிரான்சு நாட்டின் மிஷலின் சகோதரர்கள் 1891ஆம் ஆண்டில் கழற்றி மாட்டக்கூடிய டயரை உருவாக்கினர். அதே ஆண்டில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகருக்குச் சென்று திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் மிதிவண்டிப் போட்டியில் அந்த டயரைப் பூட்டிய ஷார்ல் தெரோன் வெற்றி பெற்றார். இங்கிலாந்தில் சார்ல்ஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர் 1890ஆம் ஆண்டில் வேறொரு வழியைக் கண்டார். டயரின் இரு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையங்களை வைத்தார். ரிம்மின் நடுவே ஒரு பள்ளத்தையும் அமைத்தார். இந்தக் கம்பியும் பள்ளமுமே இன்றைய டயருக்கும் அடிப்படை. பள்ளம் என்று நாம் சொன்ன அந்தச் சொல்லை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். இக்கட்டுரையின் உயிர்நாடி அதுவே.

டியூப் இல்லாத டயரின் அமைப்பு

1999ஆம் ஆண்டில் மாவிக், மிஷலின், ஹட்சின்சன் ஆகிய மூன்று பிரெஞ்சு நிறுவனங்கள் கூடி, மலைப்பாதை மிதிவண்டிக்கெனத் டியூப் இல்லாத டயர் முறை ஒன்றை வெளியிட்டன. அதன் பின்னர் இம்முறை பலவாறாக வளர்ந்து பரவியது.

ரிம்மின் குறுக்குவெட்டை மனக்கண்ணால் பாருங்கள். இரு பக்கமும் இரு சுவர்கள். ஒவ்வொரு சுவரின் அடியிலும் ஒரு திண்ணை. இரு திண்ணைகளுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். டயரின் இரு ஓரங்களும் திண்ணைக்கு ஒன்றாக அமர்ந்திருக்கும். அவை தானாகச் சரிந்து வாய்க்காலில் விழாதபடி, திண்ணையின் உள்ளோரத்தில் மிகச் சிறிய மேடு ஒன்றைப் பல ரிம்களில் வைத்திருப்பர். நம் பழைய வீடுகளின் வாசற்படியைப் போன்றது அம்மேடு.

டயரின் ஓரத்திற்குள் எஃகுக் கம்பியோ, அராமிட் என்னும் வலிய செயற்கை இழையோ இருக்கும். இரண்டும் கையால் இழுத்து நீட்டக்கூடியவை அல்ல. டியூப் இருந்தால் காற்றை அது அடக்கிக்கொள்ளும். டயர் சற்றே தளர்வாக இருந்தாலும் கேடில்லை. டியூப் இல்லாதபோதோ, டயரின் ஓரமும் திண்ணையும் இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் காற்று தங்கும். ஆகவே, இந்த இறுக்கம் குறைபாடன்று. காற்றைக் காக்கும் காவல்.

இதனோடு வேறு இரண்டு காரணங்களும் சேர்கின்றன. ஆரக்கம்பித் துளைகளை அடைப்பதற்காக ரிம்மின் உட்புறத்தில் நாடா ஒன்றை ஒட்டுவர். அதை இரண்டு, மூன்று சுற்று ஒட்டிவிட்டால், ரிம்மின் அளவு அந்த மட்டுக்குப் பெருத்துவிடும். மேலும், துளைகளைத் தானே அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றும் பால் போன்ற திரவம் நாளடைவில் காய்ந்து, டயரையும் ரிம்மையும் பசைபோல ஒட்டிவிடும்.

வளையல் காட்டும் பாடம்

சிராங்கூன் சாலைப் பக்கம் வளையல் கடைகளில் தாய்மார்கள் கண்ணாடி வளையல் அணிவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். வளையல் நீளாது, வலிந்து தள்ளினால் உடையும். அனுபவம் மிக்க வளையல்காரர் என்ன செய்கிறார்? வளையலை அவர் பெரிதாக்க முயல்வதில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, விரல்களைக் குவித்துக் கையைச் சிறிதாக்குகிறார். சிறிது சோப்பு நீர் தடவுகிறார். வளையல் வழுக்கிக்கொண்டு ஏறிவிடுகிறது.

டயரின் கதையும் இதுவே. டயரின் ஓரம் வளையல்; ரிம் கை. வளையலை நீட்ட முடியாது. ஆனால் கையைச் சிறிதாக்க வழி உண்டு. அவ்வழிதான் ரிம்மின் நடுவிலுள்ள வாய்க்கால். திண்ணையில் அமர்ந்திருக்கும் ஓரத்தை வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டால், அது சுற்றிவர வேண்டிய வட்டம் சிறிதாகிவிடும். மீந்த நீளம் தளர்வாகக் கிடைக்கும்.

எவ்வளவு தளர்வு கிடைக்கும் என்பதை ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்கள் தாமே கணக்கிடலாம். 29 அங்குலச் சக்கரம் என்று வழங்கும் மிதிவண்டியில், டயரின் ஓரம் அமரும் திண்ணையின் விட்டம் 622 மில்லிமீட்டர். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள எண்களில் இந்த 622 என்பதைக் காணலாம். விட்டத்தை 3.14 ஆல் பெருக்கினால் சுற்றளவு ஏறத்தாழ 1,953 மில்லிமீட்டர் ஆகிறது. வாய்க்கால் திண்ணையைவிட 3 மில்லிமீட்டர் ஆழம் என்று கொள்வோம். அப்போது வாய்க்காலின் விட்டம் இரு பக்கமும் சேர்த்து 6 மில்லிமீட்டர் குறைந்து 616 ஆகும். அதன் சுற்றளவு ஏறத்தாழ 1,934. வேறுபாடு 19 மில்லிமீட்டர்! நான்கில் மூன்று பங்கு ஓரம் மட்டும் வாய்க்காலில் இறங்கினாலும் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் தளர்வு கிடைக்கும். எத்தகைய வலிமையாளர் இழுத்தாலும் நீளாத ஓரம், 3 மில்லிமீட்டர் ஆழத்திற்கு இறங்கியதும் விரற்கடை அளவு தளர்கிறது பாருங்கள்! அதே கணக்கின்படி, தேவைக்கு மேல் ஒட்டிய நாடாவின் மெல்லிய தடிப்பும் ஆறு மடங்குக்கு மேலாகப் பெருகி நம்மை வருத்தும்.

கழற்றும் முறை

இனிச் செய்முறைக்கு வருவோம். பெரியவர் ஒருவர் உடனிருக்க, மாணவர்கள் இதனைச் செய்து பார்க்கலாம்.

முதலாவதாக, சக்கரத்தை வண்டியிலிருந்து பிரித்து, வால்வு மேலே இருக்குமாறு நிறுத்தவேண்டும். உள்ளிருக்கும் திரவம் அடியில் தங்கிவிடும். சற்று நேரம் பொறுத்து, காற்று முழுவதையும் வெளியேற்றவேண்டும். வால்வின் உள்ளே இருக்கும் சிறு உறுப்பைத் திருகி எடுத்துவிட்டால் எஞ்சிய காற்றும் போய்விடும். காற்று சிறிது இருந்தாலும் டயர் திண்ணையை விட்டு இறங்காது.

இரண்டாவதாக, டயரின் ஓரத்தைத் திண்ணையிலிருந்து இறக்கவேண்டும். இரு கட்டைவிரல்களாலும் டயரின் பக்கத்தை ரிம்மின் நடுவை நோக்கி அழுத்துங்கள். ஓரிடத்தில் ‘டப்’ என்ற ஓசையுடன் இறங்கிவிட்டால், அதனை அடுத்தடுத்த இடங்கள் தாமே பின்தொடரும். விரல்களுக்கு அடங்காவிட்டால், தரையில் பழைய செய்தித்தாளையும் துணியையும் விரித்துச் சக்கரத்தைப் படுக்கவைத்து, டயரின் பக்கத்தை மட்டும் முழங்காலால் அழுத்தலாம். ரிம்மின் மீதோ, ஆரக்கம்பிகளின் மீதோ, டிஸ்க் பிரேக்கின் தட்டின் மீதோ பாரம் விழக்கூடாது. தட்டு இருக்கும் பக்கம் கீழே வரும்போது, தட்டு தரையில் படாதவாறு ரிம்மின் கீழ் மரக்கட்டைகளை வைத்துக்கொள்வது நலம். காய்ந்த பசை பிடித்திருந்தால் டயருக்கும் ரிம்முக்கும் இடையே சோப்பு நீரைத் தடவிச் சற்றுப் பொறுத்துப் பின் அழுத்தவேண்டும்.

மூன்றாவதாக, ஒரு பக்கத்தோடு நின்றுவிடாமல் இரு பக்க ஓரங்களையும் சுற்றிலும் இறக்கவேண்டும். பலர் தவறுவது இவ்விடத்தில்தான். மறுபக்க ஓரம் திண்ணையிலேயே இருந்தால் டயர் விறைத்து நின்று, இந்தப் பக்க ஓரத்தை வாய்க்காலின் அடிவரை இறங்கவிடாது.

நான்காவதாக, சக்கரத்தை வால்வு மேலே வருமாறு மீண்டும் நிறுத்துங்கள். வால்வுக்கு நேர் எதிரே, அடிப்பகுதியில் தொடங்கி, இரு கைகளாலும் டயரை வாய்க்காலுக்குள் பிசைந்து அழுத்தியவாறே இரு பக்கமும் மேல்நோக்கி வாருங்கள். தளர்வு முழுவதும் வால்வின் அருகே வந்து சேரும். வால்வு இருக்கும் இடத்தில் அதன் அடிப்பகுதியே வாய்க்காலை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கு ஓரம் இறங்க முடியாது. ஆகவே, இறங்க முடியாத இடத்திலேயே தூக்குவதுதான் அறிவுடைமை. திரவம் அடியில் இருப்பதால் சிந்தாமல் இருக்கும் நன்மையும் இதில் உண்டு.

ஐந்தாவதாக, வால்வின் அருகே டயர் லீவர் எனப்படும் பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டை நான்கு விரல் இடைவெளியில் செருகவேண்டும். இடைவெளி மிகுந்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள ஓரம் முறுக்கேறிவிடும். முதலில் ஒன்றைத் தாழ்த்தி, அதை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றொன்றைத் தாழ்த்துங்கள். லீவர் வளைந்து முறியும் நிலை வந்தால் மேலும் அழுத்தாதீர்கள். அது டயரின் பிடிவாதம் அன்று. எங்கோ ஓரிடத்தில் ஓரம் மீண்டும் திண்ணைக்கு ஏறிவிட்டது என்பதன் அறிகுறி. நின்று, சுற்றிலும் தடவிப் பார்த்து, ஏறிய இடத்தை மறுபடி இறக்குங்கள். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி இவ்விடத்தில் முற்றிலும் பொருந்தும்.

ஒரு சாண் நீளம் வெளியே வந்துவிட்டால், எஞ்சியது கையாலேயே வந்துவிடும். உள்ளிருக்கும் திரவத்தைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, மறு ஓரத்தையும் அதே வழியில் கழற்றவேண்டும்.

செய்யத் தகாதவை

திருப்புளி, கத்தி, கரண்டிக் காம்பு முதலிய இரும்புப் பொருள்களை ஒருபோதும் செருகக்கூடாது. அவை ரிம்மை நெளிக்கும், நாடாவைக் கிழிக்கும். கிழிந்த நாடாவின் வழியே காற்று கசிந்துகொண்டேயிருக்கும். வழுக்குவதற்காக எஞ்சின் எண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவக்கூடாது. இவை ரப்பரை ஊதிப் பதங்கெடச் செய்யும். ஒரு துளி டிஸ்க் பிரேக்கின் தட்டில் பட்டாலும் பிரேக் பிடிக்காமற்போகும். சோப்பு நீரே போதும். அதுவும் தட்டில் படாமல் தடவவேண்டும்.

பால் மரமும் டயரின் பாலும்

துளையைத் தானே அடைக்கும் வெண்ணிறத் திரவம் எது தெரியுமா? அவ்வகைத் திரவங்கள் பலவற்றின் முதற்பொருள் இயற்கை ரப்பர் பாலேயாகும். இதைப் படிக்கும் தோட்டத் தொழிலாளத் தோழர்களுக்கு அதன் குணத்தை நாம் சொல்ல வேண்டுவதில்லை. விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கின் ஒளியில் மரத்தைச் சீவி, மங்கில் பால் சேர்த்த கைகள் அவை. அம்மோனியா கலந்தால் பால் உறையாமல் இருக்கும். அமிலம் கலந்தால் கட்டியாகும். மரத்தின் வெட்டில் வழிந்தது காற்றுப்பட்டு ஒட்டுப்பாலாகும். டயரில் நடப்பதும் இதுவே. முள் தைத்த துளை வழியே காற்று சீறும்போது பாலும் பாய்கிறது. துளையில் தங்கி உறைந்து அடைத்துக்கொள்கிறது. நம் நாட்டின் வெப்பத்தில் சில மாதங்களிலேயே பால் காய்ந்துவிடுவதால், அவ்வப்போது சக்கரத்தைக் குலுக்கி, நீர் அலம்பும் ஓசை கேட்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இப்பாலின் வரலாற்றிலும் சிங்கப்பூருக்குப் பங்குண்டு. 1877ஆம் ஆண்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் இங்குள்ள பூமலைக்கு வந்தன. 1888ஆம் ஆண்டில் பூமலையின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டு பரப்பினார். அதன்பின் மலாயாவெங்கும் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து வந்த நம் மக்கள் அவற்றில் பரம்பரை பரம்பரையாக உழைத்தனர். மரத்தின் உயிர்ப்பட்டையைத் தொடாமல், மேற்பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவுவதே பால்வெட்டுத் தொழிலின் நுட்பம். ஆழ வெட்டினால் மரம் புண்படும். மேலாக வெட்டினால் பால் வராது. அளவறிந்த கைக்கே பால் கிடைத்தது. டயரைக் கழற்றும் கைக்கும் அதே அளவறிவு வேண்டும்.

மீண்டும் மாட்டுதல்

டயர் கழன்றதும் அதன் உட்புறத்தைக் கண்ணால் பார்த்த பின்னரே துணியால் தடவவேண்டும். தைத்த முள் விரலில் ஏறலாம். காய்ந்த பாலை உரித்தெடுத்து, நாடா கிழிந்திருந்தால் மாற்றி, ரிம் நெளிந்திருந்தால் அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் காட்டவேண்டும். மாட்டும்போது வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வில் முடிக்கவேண்டும். காரணம் முன்னர் கூறியதே. பின்னர், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவு பாலை ஊற்றிக் காற்றடித்தால், ஓரங்கள் ‘டப் டப்’ என்று திண்ணையில் ஏறி அமரும். டயரிலும் ரிம்மிலும் அச்சிட்டுள்ள காற்றழுத்த எல்லைகளுள் குறைவானதை ஒருபோதும் மீறக்கூடாது. காற்றடிக்கும்போது முகத்தை அருகில் கொண்டுசெல்லவும் கூடாது.

அன்பார்ந்த பெற்றோர்களே! அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் காற்றிறங்கித் துருப்பிடித்து நிற்கும் மிதிவண்டிகள் எத்தனையோ. அவற்றுள் பல, கழற்றத் தெரியாத ஒரு டயரினால் கைவிடப்பட்டவையே. ஒரு விடுமுறை நாளில் ஒரு வாளி சோப்பு நீரும் இரண்டு லீவர்களும் கொண்டு பிள்ளைகளுடன் அமருங்கள். வட்டத்தின் சுற்றளவு அவர்களுக்குக் கரும்பலகையில் மட்டுமன்றிக் கையிலும் விளங்கும். மேலும், இதனை முன்னரே பழகியிருத்தல் நன்று. புலாவ் உபினில் பொழுது சாயும் நேரத்தில் டயர் கிழிந்தால், சாங்கி முனைக்குத் திரும்பும் படகு நமக்காகக் காத்திராது.

மாணவச் செல்வங்களே! இறுகிய பொருளைக் கண்டால் முதலில் வலிமையைத் தேடாதீர்கள். அது எங்கே தளரும் என்று தேடுங்கள். டயருக்கு அந்த இடத்தை வெல்ச் என்பவர் 1890ஆம் ஆண்டிலேயே ரிம்மின் நடுவில் வைத்துவிட்டார். அதைக் கண்டு பயன்படுத்துவதே நம் வேலை.